பிரித்துப் பார்த்தவர்

ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையும் நம்ம மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரும்



நம்மில் யாரையாவது நிறுத்தி, உன் கம்ப்யூட்டர் என்ன கம்ப்யூட்டர் என்று கேட்டுப் பாருங்கள். கறுப்புக் கலர், பெரிய மானிட்டர், ஐ-5 என்று பதில் வரும். சரி, எந்த வருஷத்து ஐ-5? ராம் எத்தனை ஜி.பி.? அது ஒரே ஸ்டிக்கா, இரண்டு ஸ்டிக்கா? டிஸ்க் சுழலும் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? விண்டோஸ் எந்த விண்டோஸ்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் பாதிப் பேர் தலையைச் சொறிவோம். மூலையில் இருக்கும் சைக்கிள் கடைப் பையன் எந்தச் சக்கரத்தில் எத்தனை பால்ரஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறான். டிப்ளமோ படிக்கிற நாம் தினம் தொடும் இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாமா?

இந்த மலரில் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுத வேண்டும் என்றபோது அதனால்தான் ஜி.டி. நாயுடு நினைவுக்கு வந்தார். கம்ப்யூட்டரை அவர் கையால் தொட்டாரா என்பது இங்கே முக்கியமில்லை. கையில் கிடைத்த இயந்திரத்தை எல்லாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடாதவர் அவர். அந்தப் பழக்கம் ஒன்றே அவரை எங்கோ கொண்டு போய் நிறுத்தியது.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப் பெயர். கோயம்புத்தூர் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி பிறந்தார். அப்பா விவசாயி. அம்மா இவரது சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் என்றாலே பையனுக்கு வேம்பாய்க் கசந்தது. வாத்தியார் மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய கதையைக் கோவைப் பக்கம் இன்றும் சொல்வார்கள். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. பிறகு அப்பாவின் தோட்டத்தில் வேலை.

இதைப் படித்துவிட்டு, படிக்காமலேயே பெரிய ஆள் ஆகலாம் என்று யாரும் அரியர் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்! அவர் விட்டது பள்ளிக்கூடத்தைத்தான், படிப்பை அல்ல. பிற்காலத்தில் புத்தகங்களை வாங்கி வாங்கிப் படித்தவர் அவர். எழுத்தில் இருப்பதை மட்டும் நம்பாமல், பொருளையே பிரித்துப் பார்த்து, எழுத்தோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது அவர் வழி.

முந்நூறு ரூபாய் மோட்டார் சைக்கிள்

வாழ்க்கையைத் திருப்பிய சம்பவம் ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் கிராமத்துப் பக்கம் ரட்ஜ் என்ற கம்பெனியின் மோட்டார் சைக்கிளில் வந்தார். 1912-ஆம் வருஷத்து மாடல். மாடு இழுக்காமல், ஆள் மிதிக்காமல் ஒரு வண்டி ஓடுகிறது! ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. துரைசாமிக்கோ அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும்.

பையன் கோயம்புத்தூருக்குப் புறப்பட்டான். ஹோட்டலில் பரிமாறும் வேலை. இலை எடுத்து, டம்ளர் கழுவி, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்துப் பணம் சேர்த்தார். ஏறக்குறைய மூன்று வருஷம் இப்படியே போனது. கடைசியில் 300 ரூபாய் கொடுத்து அதே மாதிரி வண்டியை வாங்கினார்.

வேறு யாராக இருந்தாலும் அடுத்த நாள் அந்த வண்டியில் ஊர்வலம் போயிருப்பார்கள். இவர் உட்கார்ந்து நட்டு நட்டாகக் கழற்றினார். பிறகு மறுபடியும் பூட்டினார். அந்த வேலையில்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

இங்கே கொஞ்சம் நிற்போம், நண்பர்களே. கழற்றுவது யாருக்கும் முடியும். குழந்தையும் பொம்மையைக் கழற்றும். மறுபடி பூட்டி, ஸ்டார்ட் பண்ணி, ஓட வைத்தால்தான் உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்கும் அதேதான்.

நம்ம வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பின் கேபினெட்டைத் திறப்பதற்கு ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். முதலில் சுவிட்சை அணைத்து, பவர் கார்டையும் பிடுங்கிவிட வேண்டும். பிறகு கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். நம் கை விரலில் நாம் உணரக்கூட முடியாத சின்னப் பொறி, ஒரு சிப்பைச் சாகடிக்கப் போதும். இடது பக்கப் பலகையைக் கழற்றினால் பெரிய பச்சையோ கறுப்போ பலகை தெரியும். அதுதான் மதர்போர்டு. அதன் நடுவில் விசிறிக்கு அடியில் ஒளிந்திருப்பது பிராசஸர். பக்கத்தில் நீளமாகச் செருகி நிற்பது ராம். ரூபாய்க் காசு அளவில் வெள்ளியாய் மின்னுவது 3 வோல்ட் பேட்டரி, சி.ஆர்.2032 என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கும். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் தேதியும் நேரமும் மறக்காமல் இருப்பது அந்தப் பேட்டரியால்தான். தேதி அடிக்கடி பழைய வருஷத்துக்குப் போய்விட்டால் மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டாம், முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

திறக்கக் கூடாததும் இரண்டு உண்டு. ஒன்று எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. கரண்டை நிறுத்திய பிறகும் அதன் உள்ளே கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்குச் சார்ஜ் நிற்கும். இன்னொன்று ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தூசியைவிடச் சிறியது. திறந்தால் அதோடு சரி.

நம்ம கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் உப்பளம் வரைக்கும் இ.சி.ஆர். ஓரத்தில் வீடு இருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜன்னல் கம்பியையே தின்னும் காற்று கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிடுமா? சிஸ்டம் ஆன் ஆகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது என்றால், பல சமயம் ராமின் தொடுமுனையில் படிந்த அழுக்குத்தான் காரணம். கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு, மறுபடி கிளிக் என்று சத்தம் வரும் வரை அழுத்திச் செருகினால் உயிர் வந்துவிடும். ரப்பர் விலை சில ரூபாய்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவன் அதற்கு நூற்றுக்கணக்கில் அழுதுவிட்டு வருவான்.

பஸ் முதலாளி

மெக்கானிக் வேலைக்குப் பிறகு நாயுடு பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். திருப்பூரில் நல்ல காசு பார்த்தார். பம்பாய்ப் பருத்திச் சந்தையில் அதைத் தொலைத்தார். கையில் மிஞ்சியது இயந்திரம் பற்றிய அறிவு மட்டும்தான். கோவையில் ஆலைகளும் மோட்டார் கம்பெனியும் நடத்தி வந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவி கிடைத்தது. 1920-இல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அதைத் தாமே ஓட்டினார். முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான்.

அந்த ஒரு பஸ் பெருகி யு.எம்.எஸ். என்று பெயர் பெற்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. அந்தக் காலத்தில் நாட்டிலேயே ஒழுங்காக நடந்த பஸ் கம்பெனிகளில் அது ஒன்று. பஸ் நிறைய ஆக ஆக ஒரு புதுச் சிக்கல் வந்தது. ஒரு வண்டி என்றால் கழற்றிப் பார்க்கலாம். வரிசையாக நிற்கும் பஸ்கள் அத்தனையையும் தினம் கழற்ற முடியுமா? அதற்காக எஞ்சினின் அதிர்வை அளந்து கோளாறைக் காட்டும் கருவி ஒன்றைச் செய்தார். எஞ்சினைத் திறக்காமலே, அது உதறுகிற விதத்தை வைத்து உள்ளே என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கிற வேலை. டிக்கெட் கொடுக்கும் இயந்திரமும் செய்தார்.

திறந்து பார்ப்பது முதல் பாடம் என்றால், திறக்காமலே இயந்திரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது இரண்டாம் பாடம். கம்ப்யூட்டரில் இது ரொம்பச் சுலபம். ஏனென்றால் ரட்ஜ் வண்டிக்கு வாய் கிடையாது. கம்ப்யூட்டர் கேட்டால் பதில் சொல்லும்.

விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எம், எஸ், ஐ, என், எஃப், ஓ என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளி விடாமல் அடித்து, கடைசியில் 32 என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். கம்ப்யூட்டரின் ஜாதகமே விரியும். பிராசஸர் பெயர், மதர்போர்டு செய்த கம்பெனி, பயாஸ் எந்தத் தேதியது, ராம் எவ்வளவு, விண்டோஸ் எந்தப் பதிப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் ராம் ஸ்லாட் மொத்தம் எத்தனை, எத்தனை காலி என்பது வரை தெரியும். கூடுதல் ராம் வாங்கக் கடைக்குப் போகுமுன் இதைப் பார்க்காமல் போகாதீர்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் எல்.எஸ்.சி.பி.யு. என்ற எழுத்துகளைப் புள்ளி இல்லாமல் சின்ன எழுத்தில் அடித்தால் பிராசஸர் விவரம் வரும், எல்.எஸ்.பி.எல்.கே. என்று அடித்தால் டிஸ்க் விவரம் வரும்.

இந்தப் பட்டியலை ஒரு முறை நோட்டில் எழுதி வையுங்கள். பிற்பாடு சிஸ்டம் மெதுவாகும்போதும் ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கும்போதும் ஒத்துப் பார்க்க அதுதான் சாட்சி. எட்டு ஜி.பி.யாகப் போன ராம் நாலு ஜி.பி.யாகத் திரும்பி வந்தால், நோட்டு இல்லாதவன் யாரிடம் போய் வழக்காடுவான்?

பெயர்ப் பலகையும் உள்ளே இருப்பதும்

1937-ஆம் ஆண்டு. தண்ணீர் இறைக்கும் மோட்டார் என்றால் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும் என்று இருந்த காலம். டி. பாலசுந்தரம் நாயுடு என்பவரோடு சேர்ந்து, கோவை பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவில் செய்த மின்மோட்டாரை வெளியே கொண்டு வந்தார் நாயுடு. இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பாலசுந்தரம் நாயுடு பிறகு டெக்ஸ்டூல் கம்பெனியை உருவாக்கினார். இன்று மோட்டார், பம்பு என்றாலே கோயம்புத்தூர் என்று சொல்கிறோமே, அதற்கு விதை போட்ட மோட்டார்களில் அது ஒன்று. கழனியிலும் உப்பளத்திலும் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளலாம்.

எலக்ட்ரிகல் பிரிவு நண்பர்களுக்கு மோட்டாரின் நேம் பிளேட் தெரியும். எத்தனை எச்.பி., எத்தனை ஆர்.பி.எம். என்று அதில் எழுதியிருக்கும். ஆனால் லேபில் நாம் என்ன செய்கிறோம்? நேம் பிளேட்டைப் பார்த்து ரெக்கார்டில் எழுதிவிட்டு வருகிறோமா? லோடு கொடுத்து, அளந்து, பிறகுதானே எழுதுகிறோம். கம்ப்யூட்டர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் ஒரு நேம் பிளேட்தான். அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

ஐ-5 என்ற ஸ்டிக்கரையே எடுத்துக்கொள்வோம். 2011-இல் வந்த ஐ-5 2400-உம் ஐ-5தான். 2022-இல் வந்த ஐ-5 12400-உம் ஐ-5தான். முன்னதில் கோர் 4, ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட் 4. பின்னதில் கோர் 6, த்ரெட் 12. ஸ்டிக்கரில் இரண்டும் ஒன்று, வேலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பின்னால் வரும் எண்ணைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு, கடைசி மூன்று இலக்கத்துக்கு முன்னால் நிற்கும் எண்தான் தலைமுறை என்று புரியும். செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கும் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளட்டும். அப்பா சீட்டுப் பணம் எடுத்துக் கொடுத்த காசு அது.

அடுத்தது டிஸ்க். 500 ஜி.பி. என்று வாங்கினோம், விண்டோஸில் 465 என்று காட்டுகிறது. மிச்சத்தைக் கடைக்காரன் தின்றுவிட்டானா? இல்லை. டிஸ்க் கம்பெனி ஒரு ஜி.பி.யை 100 கோடி பைட் என்று கணக்குப் போடுகிறது. விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கிக் கணக்குப் போடுகிறது. படி வேறு, நெல் ஒன்றுதான். ஆனால் பென்டிரைவில் உண்மையான மோசடியும் உண்டு. 64 ஜி.பி. என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும்படி உள்ளே மாற்றி எழுதப்பட்ட போலிகள் சந்தையில் உலவுகின்றன. அவை ஒரு அளவுக்கு மேல் ஃபைல் போட்டால் பழையதை அழித்துவிடும் அல்லது கெடுத்துவிடும். இங்கே கேட்டுத் தெரிந்துகொள்வதும் போதாது, ஏனென்றால் பொருளே பொய் சொல்கிறது! முழுசும் நிரப்பி, திருப்பிப் படித்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். நாம் மோட்டாருக்கு லோடு கொடுத்துப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

சவரக் கத்தியும் எழுபது ரூபாய் ரேடியோவும்

நாயுடுவின் கை சும்மா இருந்ததே இல்லை. பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டாரை வைத்து மின்சாரச் சவரக் கருவி செய்தார். ரஸான்ட் என்ற அந்தக் கருவி ஜெர்மனியில் தயாரானது. மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, கேமராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி, தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீள்கிறது. விவசாயத்திலும் கை வைத்தார். பருத்தியிலும் பப்பாளியிலும் அவர் செய்த சோதனைகளைப் பார்க்க சர் சி.வி. ராமனே அவர் தோட்டத்துக்கு வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

அதில் நமக்கு முக்கியமானது ரேடியோ. 1941-இல், ஐந்து வால்வு ரேடியோ ஒன்றை 70 ரூபாய்க்கு இங்கேயே சேர்த்துக் கொடுக்க முடியும் என்று அறிவித்தார். ரேடியோ பணக்காரர் வீட்டுச் சாமானாக இருந்த காலம் அது. இவருக்கு எங்கிருந்து வந்தது அந்த 70 ரூபாய்க் கணக்கு? ஒரு பெட்டியின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் என்ன, அதன் விலை என்ன, சேர்க்கும் கூலி என்ன என்று தெரிந்தவனால்தான் அப்படி ஒரு விலையைச் சொல்ல முடியும். உள்ளே இருப்பது தெரியாதவனுக்கு விலை என்பது கடைக்காரன் வாயிலிருந்து வருவது.

கம்ப்யூட்டரிலும் இதே கணக்கு உண்டு. சிஸ்டம் மெதுவாக இருக்கிறது, புதிதாக ஒன்று வாங்கு என்று யாராவது சொன்னால் உடனே வீட்டில் போய் நிற்காதீர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ராம் எப்போதும் நிரம்பி வழிகிறதா? டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறதா? சுழலும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டதும் பழைய சிஸ்டம் புது மாப்பிள்ளை மாதிரி எழுந்து நிற்பதைப் பல லேபுகளில் பார்க்கலாம். மொத்த விலையில் ஒரு சின்னப் பங்குதான் செலவு.

நம்ம பாலிடெக்னிக்கின் மூதாதை

நண்பர்களே, இப்போது சொல்லப்போவது நமக்கு ரொம்ப நெருங்கிய விஷயம். ஆரம்பப் பள்ளியோடு நின்ற அந்த மனிதரின் முயற்சியிலும் நன்கொடையிலும்தான் கோவையில் பாலிடெக்னிக்கும், 1945-இல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியும் வந்தன. அப்போதைய சென்னை மாகாண கவர்னரின் பெயர் அது. அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. நாயுடுவே அதற்கு முதல்வராகவும் இருந்தார்.

ஆனால் அதிக நாள் இருக்கவில்லை. நாலு வருஷப் படிப்பு என்பது இளைஞர்களின் காலத்தை வீணாக்குவது, இரண்டே வருஷத்தில் அதைக் கற்றுக் கொடுக்கலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. நாயுடு விலகிவிட்டார்.

அவர் சொன்னது சரியா, அரசாங்கம் சொன்னது சரியா என்று இன்றும் வாதாடலாம். கணக்கும் தியரியும் அவசரத்தில் தலையில் ஏறாது என்பதும் உண்மைதான். ஆனால் அவர் கேட்ட கேள்வி நம் காதில் இன்னும் விழவேண்டும். நம்ம மூன்று வருஷ டிப்ளமோவில், கையால் இயந்திரத்தைத் தொட்ட மணி நேரம் எத்தனை? 8085 மைக்ரோபிராசஸர் கிட்டில் புரோகிராம் அடித்து, விடை வந்ததும் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடுகிறோம். அந்தக் கிட்டின் பலகையில் எது பிராசஸர், எது ராம், மானிட்டர் புரோகிராம் குடியிருக்கும் ஈப்ரோம் எது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் எத்தனை பேர் காட்டுவோம்? பெரிய கம்ப்யூட்டரில் மறைந்திருப்பது எல்லாம் அந்தச் சின்னப் பலகையில் வெட்ட வெளிச்சமாக இருக்கிறது. மூடி கூடக் கிடையாது!

காருக்குக் கிடைக்காத லைசென்ஸ்

1952-இல் நாயுடு இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய் என்றார். தயாரிக்க அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது.

இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக மனசு வரவில்லை. உள்ளே இருப்பதை எல்லாம் தெரிந்துகொண்டவருக்கும் வெளியே இருந்து ஒரு கதவு சாத்தப்படலாம். கம்ப்யூட்டர் உலகத்திலும் அப்படிச் சாத்திய கதவுகள் உண்டு. திறந்தால் வாரண்டி போச்சு என்று ஸ்க்ரூ மேல் ஒரு சீல். ராமைப் பலகையோடு ஈயம் வைத்துப் பற்றவைத்து, மாற்றவே முடியாதபடி செய்த லேப்டாப். எப்படி எழுதப்பட்டது என்று யாருக்கும் காட்டாத சாஃப்ட்வேர்.

அதிலும் சாஃப்ட்வேர் என்பது ஸ்க்ரூ டிரைவருக்கு அகப்படாத சமாச்சாரம். நாயுடு பிரித்த இயந்திரங்களில் இருந்தது எல்லாம் கண்ணால் பார்க்கும் பாகம். கம்ப்யூட்டரிலோ பாதி இயந்திரம் கண்ணுக்கே தெரியாது. தெரியாத அந்தப் பாதி, தெரியும் பாதியை ஆட்டி வைக்கும். 4 ஜி.பி. ராம் போட்ட கம்ப்யூட்டரில் 32 பிட் விண்டோஸ் இருந்தால், சுமார் 3 ஜி.பி. சொச்சம்தான் பயன்படும். பாகம் உள்ளே இருக்கிறது, சாஃப்ட்வேர் கண்ணுக்குத் தெரியவில்லை! மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 11 போடவேண்டும் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி மதர்போர்டில் இருக்கவேண்டும் என்கிறது. அது நம்ம மதர்போர்டில் இருக்கிறதா, இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா? நல்ல சிஸ்டத்தைத் தூக்கி எறிவதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யுமுன் இந்தக் கேள்விக்கும் பதில் தெரியவேண்டும்.

நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம் உண்டு. 2011-இல் மாணவர்களுக்கு அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம். ஒரே பெட்டிக்குள் இரண்டு வீடு! ஒரு வீட்டில் கதவு பூட்டியிருக்கும். இன்னொரு வீட்டில் அடுப்படி வரை போய்ப் பார்க்கலாம். நம்ம அண்ணன், அக்காமார் எத்தனை பேர் அந்த இரண்டாவது வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள்? அலமாரியில் அந்தப் பழைய லேப்டாப் தூங்கினால் எடுத்துத் தூசி தட்டுங்கள். நமக்குக் கிடைத்த ரட்ஜ் வண்டி அதுதான். அதற்கு மூன்று வருஷம் இலை எடுக்கவும் வேண்டாம்.

1974

நாயுடு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி கோவையில் காலமானார். வயது 80. அதே 1974-இல்தான் இன்டெல் கம்பெனியின் 8080 மைக்ரோபிராசஸர் வெளிவந்தது. அதை வைத்து அடுத்த வருஷமே, வீட்டில் உட்கார்ந்து கையால் சேர்த்துக்கொள்ளும் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் கிட் அமெரிக்காவில் வந்தது. நம்ம லேபில் இருக்கும் 8085, அந்த 8080-க்குத் தம்பி. பெட்டியாக வாங்காமல், பாகம் பாகமாக வாங்கி மேஜை மேல் பரப்பிச் சேர்க்கும் அந்த இயந்திரம் இன்னும் சில வருஷம் முன்னால் வந்திருந்தால், கோவை அவினாசி ரோட்டில் ஒரு மேஜை மேல் அது பிரிந்து கிடந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை!

அவர் சேர்த்து வைத்த பொருட்களும் கருவிகளும் கோவையில் அவர் பெயரில் உள்ள கண்காட்சியில் இருக்கின்றன. இண்டஸ்ட்ரியல் விசிட் என்றால் தீம் பார்க் பக்கமே கையைக் காட்டும் நம்ம பசங்க, ஒரு முறை அந்தப் பக்கமும் வண்டியைத் திருப்பச் சொல்லலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மலரை மூடி வைத்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். தலைப்பில் உங்கள் கம்ப்யூட்டரின் பெயர். கீழே இரண்டு பத்தி. இடப் பக்கம் ஹார்டுவேர்: பிராசஸர் எண், மதர்போர்டு, ராம் அளவு, ஸ்லாட், டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட். வலப் பக்கம் சாஃப்ட்வேர்: இயங்குதளம், அதன் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, பயாஸ் தேதி, நீங்களே போட்ட புரோகிராம்கள், நீங்கள் போடாமலே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் புரோகிராம்கள். அந்தக் கடைசி வரியை எழுதும்போதுதான் பலருக்குத் தூக்கிவாரிப் போடும்!

தாளின் எந்த இடம் காலியாக இருக்கிறதோ, அங்கேதான் உங்கள் அடுத்த பாடம் இருக்கிறது. தெரியவில்லை என்றால் சீனியரைக் கேளுங்கள், லேப் அசிஸ்டெண்ட் சாரைக் கேளுங்கள், இயந்திரத்தையே கேளுங்கள். அதுவும் போதாவிட்டால், பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.

மறுபடி பூட்ட மட்டும் மறக்காதீர்கள்!